கட்டிலில் செத்தவன்

வாளம்பட்டியில் எந்த ஆம்பிளையும் கட்டிலில் செத்ததில்லை. அப்படித்தான் அந்த ஊர் சொல்லிக்கொள்ளும். சர்க்கரை முற்றிக் கால் அழுகிச் செத்தவன், குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தவன், மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு மூச்சடைத்துச் செத்தவன், வயசாகிப்போய்ச் சும்மா செத்தவன், எல்லோருமே அங்கே சண்டைக்களத்தில் மார்பில் வெட்டு வாங்கிச் செத்தவர்கள்தான். ஏரிக்கரை வேடியப்பன் கோயிலில் ஒரு வாள் இருக்கிறது. ஊரில் ஓர் ஆண் செத்தால், பாடையைத் தூக்குவதற்கு முன், வாள்வீட்டுக்காரர் அந்த வாளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பிணத்தின் மார்பில் இடப்பக்கமிருந்து வலப்பக்கம்வரை ஒரு கீறல் போட்டு, காதோரம் குனிந்து, "நீ கட்டில்ல சாவல. களத்துல செத்த. மார்ல வாங்கிச் செத்த. நிமிந்து போ" என்று சொல்லுவார். எந்தக் காலத்திலோ மாடு ஓட்டிப்போக வந்த கூட்டத்தை ஒற்றை ஆளாக மறித்து நின்று செத்த வேடியப்பன், மேலே தன் ஊர் ஆண்களுக்கென்று ஒரு வாசல் வைத்திருக்கிறானாம். மார்பில் காயம் இல்லாதவனை அந்த வாசலில் விடமாட்டானாம். ஆகவே இந்த ஏற்பாடு. பொய்தான். பொய் என்று எல்லோருக்கும் தெரியும், காது கொடுத்துப் படுத்திருப்பவனுக்கு மட்டும் தெரியாது என்று வைத்துக்கொள்வார்கள்.

பால் சொசைட்டியில் பால் அளக்கும் மாதையன் பயந்த சுபாவம். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், உரத்துப் பேசுகிற யாரைக் கண்டாலும் பயம். யாராவது பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவந்தால், பால்மானியை விட்டுப் பார்த்துவிட்டு, ஆளின் முகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "மாடு இன்னைக்கி தண்ணி ஜாஸ்தியா குடிச்சிட்டிருக்கும்போல" என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கேனில் ஊற்றிக்கொள்வான். அதோடு, யார் எது சொன்னாலும் நம்புவான். குழம்பில் உப்பே இல்லை என்று நாக்குக்குத் தெரிந்தாலும், "போட்டிருக்கறனே" என்று பொண்டாட்டி தீர்த்தம்மாள் சொல்லிவிட்டால், அப்படியா என்று அடுத்த வாய் அள்ளிக்கொள்வான். இப்படிப்பட்ட ஒருத்தனைக் கல்யாணம் செய்துகொண்டால் சண்டை போடவும் முடியாது, சலித்துக்கொள்ளவும் முடியாது.

தீர்த்தம்மாள் ஏரிக்குக் கீழே இருக்கும் பூசணிஅள்ளியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பிள்ளையில்லை. மாதையனுக்குச் சிறுநீரகம் ரெண்டும் கெட்டுப்போன பிறகு, வாரத்தில் பாதி நாள் அவனைத் தர்மபுரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய், மெஷினுக்குள் அவன் ரத்தம் ஓடி ஓடித் திரும்புவதைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, சாயங்கால பஸ்ஸில் கூட்டிவந்து, அவன் குடிக்கும் தண்ணீரை டாக்டர் சொன்ன அளவுக்கு டம்ளரில் அளந்து கொடுத்து, கெஞ்சினாலும் மேற்கொண்டு கொடுக்காமல், அழுதாலும் கொடுக்காமல், இப்படியே ஒரு வருஷம் போனதில், எந்த நாளில் என்று தெரியாமல் அவள் மரத்துப்போனாள். வடிகஞ்சி காலில் கொட்டியதை மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவன் செத்த விடிகாலையில் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள்; அழுதால் நல்லது என்று பக்கத்து வீட்டுக் காவேரி தொடையில் கிள்ளிக்கூடப் பார்த்தாள். தீர்த்தம்மாளுக்கு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

மாதையன் மார்பில் கீறல் விழுந்தது. வாள்வீட்டு நஞ்சப்பன் குனிந்து சொல்ல வேண்டியதைச் சொன்னார். மாதையன் கண்ணைத் திறந்தான். மூக்கிலிருந்த பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தான். மாலைகள் கசங்காமல் ஒதுக்கிக்கொண்டு பாடையைவிட்டு இறங்கி, பால் கேனை வாங்கும் அதே பதனத்தோடு நஞ்சப்பன் கையிலிருந்து வாளை வாங்கிக்கொண்டு, தெருவோடு நடந்து, பஞ்சாயத்து ஆபீஸைத் தாண்டி, ஏரிக்கரை ஏறி, மதகுக்குப் பக்கத்தில், பூசணிஅள்ளியைப் பார்த்தபடி கால்களை அகட்டி நின்றான். நின்றவன் நின்றவன்தான். சாவுக்கு அடித்துக்கொண்டிருந்த மேளக்காரர்கள், இதற்கு எதை அடிப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் கல்யாண அடி அடித்துவிட்டு நிறுத்தினார்கள்.

ஏன் இவன் மட்டும் எழுந்தான் என்ற பேச்சு டீக்கடையில் ஒரே ஒரு நாள் ஓடியது. நஞ்சப்பன் டீயை ஆற்றிக்கொண்டே, "எத்தினியோ பேரு காதுல சொல்லிட்டன். எங்கப்பனுக்கும் நாந்தான் சொன்னன். இவன் ஒருத்தன்தாம்பா நம்புனான்" என்றார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லையென்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு ஊருக்கு வேறு வேலைகள் இருந்தன. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறபடியால் ஆள் இறந்தவர்தான், இறந்தவர் எங்கே நிற்கிறார் என்பது தன் வேலையில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். ஏட்டு ஒருவர் வந்து, இப்படி ஆயுதத்தோடு பொது இடத்தில் நிற்கக் கூடாதே என்று ஆரம்பித்து, மாதையன் இமைக்காமல் நிற்பதைப் பார்த்ததும் தன்னையறியாமல் ஒரு சல்யூட் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். கருமாதிக்கு ஆர்டர் கொடுத்திருந்த வடை பாயசத்தை என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது, வீரனுக்குப் படையல் என்று பெயர் மாற்றிச் சாப்பிட்டார்கள்.

பெண்களுக்குத்தான் சிக்கல் வந்தது, தீர்த்தம்மாளை எந்தக் கணக்கில் வைப்பதென்று. நிற்கிறவனின் பொண்டாட்டிக்குத் தாலியைக் கழற்றலாமா என்றாள் ஒருத்தி. செத்தவனின் பொண்டாட்டி பூ வைக்கலாமா என்றாள் இன்னொருத்தி. பேசிப் பேசிக் கடைசியில், தாலி இருக்கட்டும், பூ வேண்டாம், பொட்டு மட்டும் செவ்வாய் வெள்ளியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தீர்த்தம்மாள் சரியென்றாள். செவ்வாய் வெள்ளியில் காவேரி வந்து, "பொட்டு வெச்சிக்கினியாக்கா?" என்று ஞாபகப்படுத்தினால் வைத்துக்கொண்டாள், இல்லாவிட்டால் இல்லை.

மழைக்காலம் முழுக்க மாதையன் நனைந்தபடி நின்றான், பனிக்காலம் முழுக்க நனையாமல் நின்றான். அழுகவில்லை, வாடவில்லை, தாடி மட்டும் வளர்ந்தது. புது லாரி வாங்கியவர்கள் அவன் காலடியில் தேங்காய் உடைத்தார்கள். கெட்ட கனவு கண்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து அவன் நிழலில் கொஞ்சநேரம் உட்காரவைத்து எடுத்துப்போனார்கள். கல்யாணமாகாத பெண்கள் வந்து, இப்படி ஒரு ஆம்பிளை வேண்டும் என்று கும்பிட்டபோது, சொசைட்டியில் அவன் பல்லிக்குப் பயந்து ஸ்டூல்மேல் ஏறி நின்றதை நேரில் பார்த்தவர்களே சேர்ந்து கும்பிட்டார்கள். காட்டுப் பன்றிகள் ஊருக்குள் வருவது நின்றுபோனதும் உண்மைதான்.

ஊர் ஆண்கள் நிமிர்ந்தார்கள். முதலில் மீசையில்தான் ஆரம்பித்தது. பிறகு, வீரன் இருக்கும் ஊரில் யாரும் புறமுதுகு காட்டக் கூடாது என்று ஒரு பேச்சு வந்து, அது ஒரு வாரத்துக்குள் கட்டுப்பாடாகவே ஆகிவிட்டது. கடைக்குப் புறப்பட்டுப் பாதி வழியில் பை மறந்த ஞாபகம் வந்தால், வந்த வழியே திரும்புவது கேவலம் என்று, ஊரை முழுக்கச் சுற்றி வேறு பக்கமாக வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு போனார்கள். டவுன் பஸ் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும் இடத்தில் டிரைவரோடு தகராறு செய்ததில், பாவம் அந்த மனுஷன், பஸ்ஸை நெல் காயப்போட்ட களத்தையெல்லாம் சுற்றவைத்துத் திருப்ப வேண்டியதாயிற்று. சின்னத் தப்புக்குக்கூட மன்னிப்புக் கேட்கும் வழக்கம் ஊரில் ஒழிந்தது. பெண்களைக் காப்பது வீரனின் கடமை என்று யாரோ சொன்னதில், ஒரு பத்து நாள் குடிதண்ணீர்க் குடங்களை ஆண்களே தூக்கி வந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில் பாதித் தண்ணீர் தெருவிலேயே போனது. பெண்கள் கெஞ்சிக் கூத்தாடிக் குடங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

தீர்த்தம்மாள் தினம் மத்தியானம் சோறு கொண்டுபோனாள். வீரனுக்குச் சோறு வைப்பது வீரன் பொண்டாட்டியின் கடமை என்று சொல்லியிருந்தார்கள். கரை ஏறி, அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கல்லில் தட்டை வைத்துவிட்டு, முந்தின நாள் தட்டை எடுத்துக்கொண்டு இறங்குவாள். காக்கைகள் தின்றுபோக மிச்சம் எறும்புக்கு. அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது என்றில்லை, அந்தப் பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். யாராவது எதிரே வந்து, "குடுத்துவெச்சவடி நீ" என்று சொன்னால், "ஆமாங்க" என்பாள். வீட்டுக்கு வந்து கட்டிலைப் பார்ப்பாள். தொய்ந்த கயிற்றுக் கட்டில், அவன் படுத்த இடத்தில் இன்னும் குழிந்தே கிடந்தது. அதைப் பார்த்தாலும் ஒன்றும் வரவில்லை, அதனால் வாசலைப் பெருக்கப் போய்விடுவாள்.

அந்த வருஷம் கோடை முன்னாலேயே வந்தது. வாளம்பட்டி ஏரியின் தண்ணீரில் பூசணிஅள்ளிக்கும் பங்கு உண்டு. எப்போதும் கோடையில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் மதகுப் பக்கத்தில் உட்கார்ந்து, டீயும் போண்டாவும் வரவழைத்து, ஒருவர் குடும்பத்தை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே எந்த நாள் திறப்பது என்று பேசி முடிப்பார்கள். இந்த வருஷம் வாளம்பட்டியில் யாரும் உட்கார வரவில்லை. வீரன் காவல் நிற்கும் மதகைப் பேச்சுவார்த்தைக்கு விடுவது வீரனுக்கு அவமானம் என்று சொல்லிவிட்டார்கள். பூசணிஅள்ளி அங்கமுத்து, விளையாட்டு மனுஷன், பயிர் காய்கிற கோபத்தில் ஒருநாள் பட்டப்பகலில் கடப்பாரையோடு கரை ஏறி, "மாதையா, நவுருப்பா, பயிரு போவுது" என்று மதகில் கை வைத்தான். வாள் இறங்கியது. கடப்பாரை இரண்டாகப் போனது, கூடவே அங்கமுத்துவின் விரல்கள் இரண்டு போயின. மாதையன் மறுபடி நேராக நின்றுகொண்டான்.

வாளம்பட்டியில் அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள். பூசணிஅள்ளியில் அந்த இரண்டு விரல்களையும் மஞ்சள் துணியில் சுற்றி, பூமாலை போட்டு, மேளத்தோடு எடுத்துப்போய்ப் புதைத்து, மேலே ஒரு சின்னக் கல்லும் நட்டார்கள். அதுவரை வீரனே இல்லாத ஊருக்கு இரண்டு விரல் அளவுக்கு ஒரு வீரன் கிடைத்துவிட்டான். கல் நட்டால் சும்மா இருக்க முடியுமா? அங்கேயும் மீசைகள் முறுக்கப்பட்டன. வருகிற வியாழக்கிழமை காலையில் பூசணிஅள்ளி முழுக்கத் திரண்டு வந்து மதகைத் திறக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். மதகு திறக்கும் முறை அந்த வருஷம் யாருடையதோ அவன்தான் முன்னால் போக வேண்டும். அது தீர்த்தம்மாளின் தம்பி சென்னப்பனுடையது.

புதன்கிழமை மத்தியானம் சென்னப்பன் அக்கா வீட்டுக்கு வந்தான். மதகைத் தாண்டாமல் சுற்றுவழியில் வந்திருந்தான். சட்டை முழுக்க வேர்வை. தீர்த்தம்மாள் சோறு போட்டாள்.

"கருவாட்டுக் குழம்பாக்கா?"

"ம். தின்னு."

அவன் இரண்டு வாய் தின்றான். "நாளைக்கி நாந்தான் முன்னாடி போறன்."

"சொன்னாங்க."

"மாமா என்னைத் தெரிஞ்சிக்குவாரா? பொண்ணு பாக்க வந்தப்ப என்னைத் தோள்மேல தூக்கிவெச்சி சந்தை பூரா காட்டுனாரே. தெரிஞ்சிக்குவாருல்ல?"

"அங்கமுத்துவ எங்க தெரிஞ்சிக்கினாரு?"

சென்னப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "போவாம இருந்துடலாம்னு பாத்தங்க்கா. முடியாது. ஊருல ஒருத்தனும் மொகம் குடுத்துப் பேசமாட்டான். எம் பொண்டாட்டியே, 'என்னாய்யா, பொடவை எடுத்துக் குடுக்கட்டா'ன்றா. ரெண்டு வெரலு போனவனுக்கே கல்லு நட்டுருக்கறாங்க. நான் பின்னாடி வந்தன்னா எம் பிள்ளைங்க தெருவுல நடக்க முடியாது." பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "செத்துடுவனாக்கா?" என்று கேட்டான்.

"ஆமாண்டா" என்றாள் தீர்த்தம்மாள்.

அவன் பாதித் தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனான். அவள் தட்டை எடுத்துக் கழுவினாள், அடுப்பைத் துடைத்தாள், துணி மடித்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி நாளைக்குக் காலையில் சாகப் போகிறான் என்பது, நாளைக்கு வியாழக்கிழமை என்பதைப்போல மனசில் கிடந்தது. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தபோதுதான், இப்படி ஒன்றுமே தோன்றாமல் இருக்கிறதே, இது என்ன மாதிரி மனசு, நான் எங்கே போய்விட்டேன் என்று அவளுக்கு லேசாகப் பயம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். அவள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வெயில் ஏறும்போது கரையின் இந்தப் பக்கம் வாளம்பட்டியும் அந்தப் பக்கம் பூசணிஅள்ளியும் வந்து நின்றன. அரிவாள், கடப்பாரை, கம்பு, ஒருத்தன் கையில் வேறு ஒன்றும் கிடைக்காமல் கிரிக்கெட் மட்டை. நடுவில் மாதையன் மட்டும். நஞ்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். வழக்கத்துக்கு முன்னாலேயே சோற்றுத் தட்டோடு தீர்த்தம்மாள் கரை ஏறுவதைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"ஏம்மா, இன்னைக்கி வராத. களம்மா இது. பொம்பளைங்க வரக் கூடாது."

"சோறு கொண்டாந்திருக்கறன் மாமா."

சோறு வைப்பது வீரன் பொண்டாட்டியின் கடமை, அதுவும் ஊர்க் கட்டுப்பாடு. எந்தக் கட்டுப்பாடு எதற்கு மேல் என்று நஞ்சப்பன் யோசிக்கிறதற்குள் அவள் தாண்டிவிட்டாள். அந்தப் பக்கம் சென்னப்பன் மதகுக் கதவைத் தூக்கும் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, தண்ணீரில் இறங்குகிறவனைப்போல வந்துகொண்டிருந்தான்.

அவள் தட்டைக் கல்லில் வைத்தாள். வழக்கம்போல இறங்கிப் போகாமல், சுற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் நின்று, இத்தனை மாசத்தில் முதல்தடவையாகப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். மேல் உதட்டில் பொடிப்பொடியாக வேர்வை. வலது குதிகால் தரையில் படாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மெஷின் ரூமுக்கு வெளியே, பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று காத்திருக்கும்போது இப்படித்தான் நிற்பான். தீர்த்தம்மாளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த மனுஷன் பயந்துகொண்டிருக்கிறான். எழுந்த நாளிலிருந்து, மழையில், பனியில், தேங்காய்க்கும் கும்பிடுக்கும் நடுவில், ஊரே பார்க்க, தனியாக நின்று பயந்துகொண்டே இருந்திருக்கிறான். எல்லோரும் வாளையே பார்த்ததில் யாரும் இவனைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லையே.

சென்னப்பன் மதகுக்கு அருகில் வந்துவிட்டான். வாள் கொஞ்சம் உயர்ந்தது. தீர்த்தம்மாள் எட்டி, மாதையனின் காதோரம் வாயை வைத்தாள்.

"ஏங்க. நஞ்சப்ப மாமா உங்க காதுல சொன்னது நெசமில்ல. அது எல்லாருக்கும் சொல்றது. நீங்க எந்தச் சண்டைக்கும் போவல. நீங்க கட்டில்லதான் செத்தீங்க. நம்ம கட்டில்ல. நான் பக்கத்துலதான் இருந்தன்."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். அத்தனை நாள் பேசாத குரல் சொன்னபடி கேட்காமல் பெரிசாக வந்து கரையின் இரண்டு பக்கமும் விழுந்தது. வாளம்பட்டி ஆண்கள் கத்தினார்கள். "ஏய், அவ வாயப் பொத்துங்கடா!" என்று ஒருவனை ஒருவன் தள்ளினார்கள். வாள் உயர்ந்திருந்ததால் பக்கத்தில் போக ஒருத்தனுக்கும் கால் வரவில்லை.

"வருசம் பூரா தண்ணி தண்ணின்னு கேட்டீங்க. நான் குடுக்கல. கெஞ்சுனீங்க, குடுக்கல. அன்னைக்கி மட்டும் சொம்பு நெறையக் குடுத்தன். மொத்தமும் குடிச்சீங்க. நல்லாருக்குது தீர்த்தான்னீங்க. அப்பறம் என் முந்தானையப் புடிச்சிக்கினு விடவே இல்ல. காலு ஒதறுச்சி. வேட்டி நனைஞ்சிபோச்சி. நாந்தான் வேற கட்டிவுட்டன், யாருகிட்டயும் சொல்லல. அவ்வளவுதாங்க. உங்கள யாரும் வெட்டல. நீங்களும் யாரையும் வெட்ட வேணாம்."

மாதையனின் உதடு அசைந்தது. குரல் ரொம்ப தூரத்திலிருந்து, தூசி படிந்து வந்தது.

"பயமா இருக்குது தீர்த்தா."

"தெரியுங்க. எனக்குந்தான்."

"இன்னமும் நிக்கணுமா?"

"வேணாம். படுங்க."

அவன் சுற்றிலும் ஒருதரம் பார்த்தான், யாராவது திட்டுவார்களோ என்பதுபோல. பிறகு குனிந்து, வாளைச் சத்தம் வராமல் மதகுக் கல்லில் வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்த அவள் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். முந்தானையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சநேரத்தில் பிடி தளர்ந்தது. எல்லோரும் சாகிற மாதிரி செத்துப்போனான்.

இரண்டு ஊரிலும் யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சென்னப்பன் மட்டும், தான் எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்தவனாக, கம்பியைக் கொடுத்து நெம்பி மதகைத் திறந்தான். தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. யாரும் தடுக்கவில்லை. நஞ்சப்பன் தள்ளாடி வந்து வாளை எடுத்தார். முகம் சுருங்கியிருந்தது. "வழக்கத்துக்கு ஒரு கீறல் போட்டுடட்டாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் மாமா. இவரு நம்பிடுவாரு."

அவர் வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒதுங்கினார். பிணத்தைத் தூக்க வாளம்பட்டியில் ஒருவனும் முன்வரவில்லை. பயந்து செத்ததை ஊரறியச் சொல்லியாகிவிட்டது, அந்தப் பிணத்துக்குத் தோள் கொடுத்தால் அந்தப் பயம் தன் தோளிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது பூசணிஅள்ளிக் கூட்டத்திலிருந்து, கையில் கட்டோடு அங்கமுத்து வந்தான். மாதையனின் முகத்தைக் குனிந்து பார்த்தான். "பாவம்யா" என்றான். பிறகு, "சென்னப்பா, நீ அந்தப் பக்கம் புடி" என்றான். காவேரி வீட்டுக்கு ஓடி, தீர்த்தம்மாளின் தொய்ந்த கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாதையனை அதில் கிடத்தினார்கள். சென்னப்பனும் அங்கமுத்துவும் இன்னும் இரண்டு பூசணிஅள்ளிக்காரர்களும் ஆளுக்கொரு கட்டில்காலைத் தோளில் வைத்தார்கள்.

பெண்கள் சுடுகாட்டு வழியில் வரக் கூடாது என்று யாரும் தீர்த்தம்மாளிடம் சொல்லவில்லை. அவள் கட்டிலுக்குப் பின்னால் நடந்தாள். ரோட்டில் பாதி தூரம் போனதும் அவள் கால் வெயிலில் சுட்டது. செருப்பு போடாமல் வந்திருந்தாள். தார் சுடுகிறது என்று நினைத்தாள். நன்றாகவே சுட்டது. அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்து, உள்ளங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு, அம்மாடி என்று ஒரு குரல் எடுத்தாள். அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. அந்த அழுகை எல்லோரும் கேட்க, அசிங்கமாக, மூக்கு ஒழுக, வாய் கோணிப்போய், ஒரு வருஷத்துக்கும் அதற்கு மேலும் சேர்த்து வந்தது.

எடுத்த பிணத்தை வழியில் இறக்கக் கூடாது என்பது இரண்டு ஊருக்குமே வழக்கம். அங்கமுத்து சென்னப்பனைப் பார்த்தான். கட்டிலை ரோட்டில் இறக்கிவைத்தார்கள். டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது, டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். கரையிலிருந்து வாளம்பட்டி ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அவள் அழுது முடிக்கிறவரை யாரும் கட்டிலைத் தூக்கவில்லை.